கட்டிலுக்கடியில் ஏழு தொட்டிகள்

ஒருவருக்கு நன்மை செய்யப்போகிறோம் என்று உறுதியாக நம்பும்போது, அதைச் செய்யலாமா என்று அவரிடம் கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டா? சமூகவியல் படித்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பல குடித்தனங்கள் சேர்ந்த ஒரு வளவு வீட்டின் பின்புறம், கழுவிக் கவிழ்த்து அடுக்கிய ஏழு மண்தொட்டிகளின் அருகே நின்றபோதுதான் அது முதன்முறையாக என்னை வந்து பிடித்தது. பதிலும் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலால் எவருக்கும் பயனில்லாத நேரம் அது.

தொட்டிகளுக்கு உரியவர் ஒரு செவிலியர். எண்பதுகளின் பிற்பாதியில், நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து அந்த வளவில் குடியேறியபோது, அவருக்கு நாற்பது வயதைக் கடந்திருக்கும். திருமணம் செய்துகொள்ளாதவர். ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் வேலை பார்த்தார். நானும் அதே ஊரில் நூற்பாலைப் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போய்வந்ததால், காலைப் பேருந்தில் பெரும்பாலும் ஒன்றாகவே பயணம் செய்வோம். வளவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். எனக்கும் அப்படியே. அவருக்கு நான் டீச்சர்.

கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் வருமாறு கட்டியிருப்பார். பேச்சின் நடுவே அதைத் திருப்பிப் பார்க்கும்போது, எதிரில் இருப்பவரின் நாடியை எண்ணுவது போலத் தோன்றும். அவரை நினைக்கையில் எனக்கு முதலில் வருவது அந்தக் கடிகாரமும், அதை அடுத்து அவருடைய கேள்விகளும்தான். கேட்காமல் எதையும் செய்யாதவர் அவர். பேருந்தில் ஜன்னலை மூடுவதற்குப் பின்னிருக்கைக்காரரிடம் கேட்பார். பிச்சைக்கு வந்தவரிடம், "சோறு போடட்டுமா, இல்ல கஞ்சியா ஊத்தட்டுமா?" என்று கேட்பார். குழந்தையின் கன்னத்தைத் தொடுவதற்கு முன் குழந்தையிடமே கேட்பார். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப்போக, ஒரு நல்ல மனிதரின் தேவையற்ற தயக்கம் என்று எண்ணத் தொடங்கினேன்.

ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்க அவருடைய மருத்துவரிடம் போயிருந்தேன். வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முந்தி இந்த ஊசி போட்டிருக்கீங்களா? போட்டப்போ அரிப்பு, தடிப்பு, தலைசுத்தல் ஏதாவது வந்துச்சா?"

அவர் இல்லையென்றார். சிஸ்டர் மருந்தை ஏற்றிவிட்டு மறுபடியும் கேட்டார். பஞ்சைத் தொட்டு வைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் கேட்டார்.

"ஏ தாயி, எம்மகளைப் பொண்ணு கேட்டு வந்தவங்ககூட இம்புட்டு விசாரிக்கலை."

"அவங்க விசாரிக்காம விட்டா பொறவு பேசித் தீத்துக்கிடலாம். இது அப்படியா? சொல்லுங்க அண்ணாச்சி, தடிப்பு வந்துச்சா?"

"வரலை தாயி, வரலை. கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

அவருக்கு அடுத்து ஒரு சிறுமி. "எந்தக் கையில போடட்டும்?" என்று சிஸ்டர் கேட்டார். "நாளைக்கு," என்றாள் அவள். "நாளைக்கு எனக்கு லீவு. வேற ஆளு வருவாங்க, அவங்க கேக்காமலே போட்டுருவாங்க. எந்தக் கை?" சிறுமி வெகுநேரம் யோசித்து இடக்கையை நீட்டினாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை.

அவருடைய ஒற்றை அறை வீட்டில் வெயில் வருவது கிழக்கு ஜன்னல் ஒன்றின் வழியாக மட்டுமே. முற்றம் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொது என்பதால் செடிகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தன. குளுக்கோஸ் பாட்டிலில் மணிபிளான்ட்; அலமாரிக்குப் பக்கத்தில் ரப்பர் செடி; குரோட்டன்ஸ், பெகோனியா, பெரணி. நான் குடிவந்த வைகாசியில் ஜன்னலுக்குக் கீழே ஏழு தொட்டிகளில் சேம்பு இலையைப் போன்ற இலைகள் நிறைந்திருந்தன. வெள்ளை இலை, அதில் பச்சை நரம்பு, நரம்புகளுக்கிடையே குங்குமத்தைத் தெளித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். ஐப்பசியில் அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்து விழுந்தன. கார்த்திகையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவை என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. பட்டுப்போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாளே அவர் வீட்டில் மார்கழி தொடங்கிவிடும். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மலைக்காற்று இறங்க ஆரம்பித்ததும் செடிகளை ஜன்னலிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளிவைப்பார். காலையில் குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த நீரை அப்படியே ஊற்ற மாட்டார்; முந்தின நாளே வாளியில் பிடித்துவைத்த நீரை, வெயில் ஜன்னலைத் தொட்ட பிறகே எடுப்பார். அதையும் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை இறக்கிப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு அந்தச் செடிக்கு நீர் கிடையாது. தொட்டிக்கடியில் வைத்த தட்டில் நீர் தேங்கவிட மாட்டார். தை பிறக்கும் வரை எரு கிடையாது. இலையடியில் மாவுப்பூச்சி கண்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், புண்ணைத் துடைப்பது போலத் துடைப்பார்.

பக்கத்துக் குடித்தனத்தில் பால்கோவா கிண்டுபவர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியை வளவு முழுவதும் மதினி என்று அழைக்கும். தன் துளசிக்கு விடியுமுன்பே அரிசி கழுவிய தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றும் அவருக்கு, சிஸ்டரின் முறை பொறுக்கவில்லை.

"ஏன் சிஸ்டர், வீட்டுக்குள்ள ஒரு காட்டையே வளக்கீங்க, அதுக ஒரு வா தண்ணிக்கு உங்க விரலையில்ல பாத்துக் கெடக்கு? பாவமா இல்ல?"

"பசிக்குதான்னு கேட்டுட்டுத்தானே மதினி சோறு போடணும்?"

"எம் மாப்பிள்ளைட்ட நான் அப்படிக் கேட்டா, அடுத்த பஸ்ஸுக்கு மகளோட ஊருக்குக் கெளம்பிருவாரு."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே அடுத்த தொட்டியில் விரலை இறக்கினார்.

இதே போன்றதொரு கேள்வியை அவர் என்னிடமும் ஒருமுறை கேட்டார். நூற்பாலைப் பெண்களுக்காக மாலை ஆறு மணிக்கு நான் தொடங்கிய வகுப்பில் முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர். பேருந்தில் நான் அவர்களுடைய அக்கறையின்மையைப் பற்றி நீண்ட நேரம் வருந்திக்கொண்டிருந்தேன். கல்வியின் அருமை, பெண்ணின் விடுதலை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஆறு மணி தோதுப்படுமான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா டீச்சர்?" என்றார். கேட்டிருக்கவில்லை. அந்தத் தெருக்களில் குடிநீர்க் குழாய் திறப்பது ஆறு மணிக்குத்தான் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் எனக்குக் கோபம் வந்தது. படிப்பு வேண்டுமென்றால் ஒரு குடம் தண்ணீரை விட்டுக்கொடுக்கட்டுமே என்று எண்ணினேன். நேரத்தை நான் மாற்றவில்லை.

அந்த மார்கழியின் நடுவில் அவருக்கு மதுரையில் ஓர் அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தது. அதன்பின் சில நாட்கள் அங்கேயே தங்கையின் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. சாவியை என்னிடம் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்கு நானே அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் செடிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"பெகோனியாவுக்கு வாரத்துக்கு ஒருக்கா போதும். அதுவும் விரல் விட்டுப் பாத்துட்டு. பொறவு டீச்சர், கட்டிலுக்கடியில—"

"எல்லாம் நான் பாத்துக்கிடுறேன் சிஸ்டர். நீங்க எதையும் மனசுல போட்டுக்கிடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"இல்ல, அது வந்து—"

"கவலைப்படாதீங்கன்னா."

பேருந்து நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டி மேலும் ஏதோ சொல்ல முயன்றார். நான் கையசைத்து வழியனுப்பினேன். ஒரு நோயாளியின் மனச்சுமையை இறக்கிவைத்த நிறைவு எனக்கு இருந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக அவருடைய தங்கையிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. போகி நெருங்கியது. வளவில் ஒவ்வொரு குடித்தனமாகப் பொருள்களை முற்றத்தில் எடுத்துவைத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு தேறி வருகிறவர் கரிபிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டா படுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சுண்ணாம்பில் நீலம் கலக்கி, மதினியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அவருடைய அறையைத் திறந்தேன்.

கட்டிலை நகர்த்தியபோது அந்த ஏழு தொட்டிகளும் சுவரோரமாக வரிசையாய் இருந்தன. மேலே ராஜபாளையத்து மில்களின் கழிவுப் பஞ்சு மூடியிருந்தது. பஞ்சை விலக்கினேன். வறண்டு வெடித்த மண். கையை விட்டுக் கிளறினால் கொட்டைப்பாக்கை விடச் சற்றுப் பெரிய, சுருங்கிய கிழங்குகள்.

"சேம்பு மாதிரியில்ல இருக்கு? பொங்கலுக்குக் கிழங்கு வாங்கணும்னு நினைச்சேன்," என்றார் மதினி. ஒன்றைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "இது தொண்டையை அரிக்கிற சாதி. ஆகாது," என்று திரும்பப் போட்டார்.

"எல்லாம் செத்துப்போன கிழங்கு மதினி. பஞ்சுக்குள்ள தேளு அடையும். வண்டி வரும்போது போட்டுருவோம்."

"சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு எதையும் தூரப் போட மனசு வராது."

இந்த வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் கேட்கவில்லை.

போகியன்று காலையில் நகராட்சியின் குப்பை வண்டி வந்தது. மண், கிழங்கு, பஞ்சு அனைத்தையும் அதில் கொட்டினேன். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிப் பின்புறம் அடுக்கினேன். மாலையில் அவருடைய நிலைப்படிக்கு மேலும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டினேன்.

காணும் பொங்கலன்று அவர் வந்தார். வயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு மெதுவாக உள்ளே நுழைந்தவர், சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"எம்புட்டு வெளுப்பு! கண்ணு கூசுது. நீங்களா டீச்சர் அடிச்சீங்க?"

"நானும் மதினியும்."

"எதுக்கு இந்தச் சிரமம் உங்களுக்கு?" என்றபடி கட்டிலில் உட்கார்ந்தார். உண்மையாகவே மகிழ்ந்திருந்தார். பிறகு, தையல் வலிக்க, ஒருபக்கமாகச் சாய்ந்து கட்டிலுக்கடியில் கையை நீட்டினார். அந்தக் கை தரையைத் தடவிக்கொண்டே சுவர் வரை போயிற்று.

"இங்க இருந்த தொட்டி?"

"கழுவிப் பின்னால அடுக்கியிருக்கேன் சிஸ்டர்."

"உள்ள இருந்தது?"

"வெறும் மண்ணும் காஞ்ச கிழங்கும்தான். வண்டியில போட்டாச்சு."

அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். எதற்காக அந்நேரத்தில் மணி பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை.

"என்னைக்கு?"

"போகியன்னைக்கு."

"மூணு நாளாச்சு," என்றார். அறையில் சுண்ணாம்பு வாடை இருந்தது. நான் பின்புறம் போய் அந்தத் தொட்டிகளின் அருகே நின்றேன். பிறகு ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் இடத்துக்கு நடந்தேன்.

கரும்புச் சக்கையும் வாழையிலையும் மஞ்சள் கொத்தும் பழைய பாயும் குவிந்துகிடந்த அந்த மேட்டை ஒரு கம்பால் மாலை வரை கிளறினேன். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பஞ்சு கிடைத்தது. அதனருகில் ஒரேயொரு கிழங்கு, சக்கரம் ஏறி நசுங்கிய நிலையில். அதைக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் அந்தக் கிழங்கைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"செத்துப்போகலை டீச்சர். பனிக்காலத்துல அது இலையெல்லாம் உதுத்துட்டு உள்ளுக்குள்ள இருக்கும். தண்ணி காட்டக் கூடாது. காயப்போட்டு, குளிரு படாம வச்சிருந்தா சித்திரையில தானா முளைக்கும். எனக்கும் முதல்ல தெரியாது. முதல் வருஷம் இலை விழ விழ, இதையும் கொன்னுட்டோமோன்னு தண்ணியா ஊத்துனேன். முக்கால்வாசி அழுகிப்போச்சு. ரெண்டே ரெண்டுதான் பொழைச்சது. அந்த ரெண்டுதான் இந்த ஏழு தொட்டி."

'இதையும்' என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அவரே தொடர்ந்தார்.

"பன்னெண்டு வருஷமாச்சு. அப்ப வேற டாக்டர்ட்ட இருந்தேன். சாயங்காலம், ஒரே கூட்டம். கால்ல ஆணி குத்துன புண்ணோட ஒரு பிள்ளை வந்தா, பத்தொம்பது வயசு. நான் ஊசியை எடுத்ததும், 'அக்கா, எனக்கு முந்தி ஒரு தடவை'ன்னு ஏதோ சொல்ல வந்தா. பயப்படுதான்னு நினைச்சேன். 'ஒண்ணும் கவலைப்படாதே தாயி, எறும்பு கடிச்ச மாதிரிதான், நான் பாத்துக்கிடுறேன்'னு சொல்லிக்கிட்டே போட்டுட்டேன். கால் மணி நேரம்கூட இல்ல. டாக்டர் அவசரப்படுத்துனாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அது சாக்கு. அவ வாக்கியத்தை முடிக்க எம்புட்டு நேரம் ஆயிருக்கும்?"

பேருந்து நிலையத்தில் நான் சொன்ன சொற்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவருக்கும் வந்திருக்க வேண்டும். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

அந்தப் பெண்ணின் வீடு செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் இருந்தது. துக்கம் கேட்கப் போன சிஸ்டரை அவளுடைய தாய் வையவில்லை. மகள் வளர்த்த தொட்டிகளைக் காட்டி, இவற்றைப் பார்க்கவும் முடியவில்லை, பட்டுப்போக விடவும் முடியவில்லை என்றிருக்கிறார். 'நான் கொண்டுபோகட்டுமா?' என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும், புது இலைகள் விரிந்ததும், ஒரு தொட்டியைச் சுமந்துகொண்டு போய் அந்தத் தாயிடம் காட்டிவிட்டு வருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லையாம். அந்தத் தாய் இலையைத் தொட்டுப் பார்ப்பாராம். காப்பி போட்டுக் கொடுப்பாராம்.

"இந்த வருஷம் நான் வந்து அந்த அம்மாகிட்ட சொல்லுதேன் சிஸ்டர். தப்பு என்னோடது."

"நீங்க வரலாமான்னு அவங்ககிட்ட கேக்கணும்," என்றார்.

நசுங்கிய கிழங்கை ஒரு தொட்டியில் புதைத்துப் பஞ்சு மூடி, கட்டிலுக்கடியில் வைத்தார். சித்திரை வந்தது. அவ்வப்போது விரலை இறக்கிப் பார்த்தார். எதுவும் முளைக்கவில்லை. வைகாசி பாதியில், வெறுங்கையுடன் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். நான் வளவு வாசலிலேயே காத்திருந்தேன்.

"கேட்டேன் டீச்சர். வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"எம்மேல ரொம்பக் கோபமா?"

"அதை நான் கேக்கலை. நீங்க வரலாமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க."

மன்னிப்புக் கேட்பதும் எனக்கு வேண்டிய ஒன்றே தவிர, அந்தத் தாய் கேட்டதன்று என்பதை அந்த வாசலில் புரிந்துகொண்டேன். அந்த வீட்டுக்கு நான் இன்றுவரை போகவில்லை. சிஸ்டர் அடுத்த ஆண்டும் போனார் என்று மட்டும் தெரியும். எதை எடுத்துக்கொண்டு போனார் என்று தெரியாது.

அவர் என்னிடம் முன்போலவே பழகினார். பேருந்தில் இடம் பிடித்துவைப்பார். என் இருமலுக்கு மருந்து கொண்டுவருவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போகும் வரையில் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொங்கலுக்குப் பிறகு எப்போது வெளியூர் போனாலும் வீட்டுச் சாவியை மதினியிடம்தான் கொடுத்தார். மதினி அந்தச் செடிகளுக்கு, தன் விரலை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் நீர் ஊற்றினார்.

நான் ராஜபாளையத்தில் அந்தப் பெண்களின் வீடுகளுக்குச் சென்று, எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டேன். அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டு ஒரு நேரம் சொன்னார்கள். அன்று முதல் என் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு நடந்தது.